கத்தரிக்காய்க்கு எத்தனை பெயர்? ஆய்வுத் தேடலில் மாணவர்கள் செய்யும் தவறுகள்

முதுநிலை வேளாண்மை மாணவி ஒருவர் நூலகத்தில் என் மேசைக்கு வந்தார். "சார், கத்தரியில வர்ற காய்த்துளைப்பான் பூச்சி பத்தி வெளிநாட்டுல யாருமே பெருசா எழுதல போல" என்றார். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளமான ஸ்கோப்பஸில் அவர் தட்டியிருந்த சொல் ‘பிரிஞ்சால்’. அது நம்ம ஊர் ஆங்கிலம். அமெரிக்காவில் ‘எக்பிளான்ட்’, பிரிட்டனில் ‘ஓபர்ஜின்’. மூன்றையும் ‘ஆர்’ (இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்று பொருள்) போட்டு இணைத்து, ‘சொலானம் மெலாஞ்சினா’ என்ற அறிவியல் பெயரையும் சேர்த்தோம். பூச்சிக்கு ‘லூசினோடஸ் ஆர்போனாலிஸ்’ என்று கொடுத்தோம். விடுபட்ட கட்டுரைகள் வரிசையாக வந்து நின்றன.

நான் பார்க்கும் தவறுகளில் பெரியது இதுதான்: நம் வாயில் வரும் ஒரே சொல்லைத் தட்டிவிட்டு, "ஒன்றுமே இல்லை" என்று முடிவு கட்டுவது. 1907-இல் தொடங்கிய, வேதியியல் கட்டுரைச் சுருக்கங்களைத் தொகுத்துத் தரும் ‘கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ்’ தடித்தடித் தொகுதிகளாக வந்த காலத்தில், பொருளடைவில் சரியான தலைப்பைப் பிடித்தால்தான் சுருக்கத்துக்குப் போக முடியும். அந்தத் துறையின் சொற்கள் அப்படியே கைக்குப் பழகின. இன்றைய தேடல் பெட்டி எதைத் தட்டினாலும் எதையாவது காட்டிவிடுகிறது. எது விட்டுப்போனது என்பது மட்டும் தெரிவதில்லை.

மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டில் இதற்கென்றே ‘மெஷ்’ என்ற சொற்பட்டியல் இருக்கிறது. ‘ஹார்ட் அட்டாக்’ என்று தட்டினால் அதுவே ‘மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்’ என்ற தலைப்புக்கும் போய்த் தேடும். ஆனால் பல மாணவர்கள் பழக்கதோஷத்தில் மேற்கோள் குறி போட்டுவிடுகிறார்கள்; போட்டதும் அந்த உதவி நின்றுவிடும். எந்தத் தளமானாலும் ஒரு வழி கைகொடுக்கும். பொருத்தமான ஒரு கட்டுரை கிடைத்தவுடன் அதன் பதிவில் உள்ள பொருள் தலைப்புகளைப் பாருங்கள், அவற்றை வைத்து மறுபடி தேடுங்கள். ‘ஆர்’, ‘ஆண்ட்’ (எல்லாச் சொல்லும் இருக்க வேண்டும் என்று பொருள்) இரண்டும் ஒரே வரியில் வந்தால் ‘ஆர்’ பகுதியை அடைப்புக்குறிக்குள் போடுங்கள். போடாவிட்டால் ஒவ்வொரு தளமும் அதை ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொள்ளும்.

அடுத்தது, சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு முழுக் கட்டுரையையும் படித்ததுபோல மேற்கோள் காட்டுவது. "மருந்து தெளித்ததில் சேதம் குறைந்தது" என்று சுருக்கம் சொல்லும். எந்த ரகம், எத்தனை பருவம், எத்தனை பாத்தி என்பதெல்லாம் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும். வாய்மொழித் தேர்வில் கேள்வி அங்கிருந்துதான் வரும்.

பணம் கேட்கும் பக்கத்தைப் பார்த்ததும் திரும்பிவிடுவதும் வேண்டாத அவசரம். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை மத்திய, மாநில அரசு உயர்கல்வி நிறுவனங்களில் படிப்பவர்கள் கட்டணமின்றிப் பார்க்கலாம். விடுதியிலோ வீட்டிலோ இருந்து பார்க்க ‘இன்ஃபெட்’ போன்ற தொலைநுழைவு வசதி உங்கள் கல்லூரியில் உண்டா என்று நூலகரிடம் கேளுங்கள். இது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம்.

ஸ்கோப்பஸில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று நினைப்பதும் தவறு. தமிழில் வரும் ஆய்விதழ்கள் அங்கே மிகக் குறைவு. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு, காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் என்ற மையம் நடத்தும் ‘சோத்கங்கா’ என்ற ஆய்வேட்டுத் தளத்தைத் தனியாகத் தேட வேண்டும். அந்த மாணவியை அடுத்து அங்கேதான் அனுப்பினேன், நான்கு பெயர்களையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து.