முட்டத்துப் பாறையில் கொதிக்காத கட்டன்சாயா: பயண அடுப்பும் எரிபொருளும் தேர்ந்தெடுக்கும் முறை

சென்ற ஆடி மாதம் முட்டம் கடற்கரைப் பாறையில் உட்கார்ந்து நான்கு பேருக்குக் கட்டன்சாயா (பால் சேர்க்காத தேநீர்) போட முயன்றேன். வீட்டில் 5 நிமிடத்தில் ஒரு லிட்டர் தண்ணீரைத் தளதளவெனக் கொதிக்கவைத்த அதே கேஸ் அடுப்பு, அங்கே 25 நிமிடம் எரிந்தும் ஒரு குமிழி விடவில்லை. மைத்துனர் பொறுமையிழந்து, நடந்துபோய்க் கடையில் குடித்துவிட்டே திரும்பினார்.

அடுப்பு வாங்குவதற்கு முன் நான் படித்த குறிப்புகள் எல்லாம் பனிமலை ஏறுபவர்கள் எழுதியவை. பூஜ்ஜியம் டிகிரியை நெருங்கினால் பியூட்டேன் ஆவியாக மறுக்கும், புரொப்பேனோ மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும், ஆகவே இரண்டும் கலந்த கேனையே வாங்குங்கள் என்பார்கள். பாலமோர் மலையில் மார்கழி விடியற்காலையில்கூட நமக்கு அந்தக் கவலை இல்லை. விலை குறைந்த பியூட்டேன் கேனே போதும். குமரி மாவட்டத்தில் அடுப்புக்குப் பகை காற்றுதான். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை நம்பித்தானே முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன!

முதல் படி: என்ன சமைக்கப் போகிறீர்கள்?

கட்டன்சாயாவும் முட்டையும் மட்டும் என்றால் எந்த அடுப்பும் போதும். மரச்சீனிக் கிழங்கு, சம்பா அரிசிக் கஞ்சி என்று ஆசைப்பட்டால் கணக்கு மாறும். சம்பா அரிசி வேக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அரிசியை முந்தைய இரவே ஊறவைத்து, 10 நிமிடம் கொதிக்கவிட்டு, மூடிய பாத்திரத்தைக் கெட்டித் துவர்த்தில் (துண்டில்) சுற்றி ஒரு மணி நேரம் வைத்துவிடுங்கள். மீதி வேக்காட்டை உள்ளிருக்கும் சூடே முடித்துவிடும்.

இரண்டாம் படி: எரிபொருளை அறிந்துகொள்ளுங்கள்

ஒரு கிலோ பியூட்டேன் ஏறக்குறைய 45 மெகாஜூல் வெப்பம் தரும். மண்ணெண்ணெய் 43, ஹெக்சமின் மாத்திரை (வில்லையாக வரும் திட எரிபொருள்) 30, எத்தனால் ஸ்பிரிட் 27. அதாவது ஸ்பிரிட் அடுப்பு இறகுபோல இலேசாக இருந்தாலும், கேஸைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேலான எடையில் ஸ்பிரிட்டைச் சுமக்க வேண்டும். அதன் சுடர் வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று எண்ணி எரிகிற அடுப்பில் ஸ்பிரிட்டை ஊற்றுவதுதான் இதில் நடக்கும் மிக மோசமான விபத்து. முழுதாக ஆறிய பின்பே ஊற்றுங்கள். மெத்தனால் கலந்தது நஞ்சு. தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது.

மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்வை நம் பாட்டிமார் அறிவார்கள். சுவீடனில் 1892-இல் பிறந்த பிரைமஸ் அடுப்பின் வழிவந்தது அது. காற்றுக்கு ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆனால் முதலில் பர்னரைச் சூடேற்ற வேண்டும், அடைத்தால் பின் குத்த வேண்டும், பம்ப் வாஷர் காய்ந்தால் எண்ணெய் விட வேண்டும். புதியவர்களுக்கு வேண்டாம். கடற்கரையில் வள்ளங்களுக்கு வரும் மானிய மண்ணெண்ணெயைக் கேட்டுப்போய் நிற்காதீர்கள், அது அவர்கள் பிழைப்பு.

ஹெக்சமின் மாத்திரை அவசரத்துக்கு மட்டும். நாற்றமடிக்கும், பாத்திரத்தில் பிசின்போல் ஒட்டும்.

சிரட்டையும் சுள்ளியும் எரிக்கும் தகர அடுப்பு எனக்குப் பிடிக்கும், காசில்லாத எரிபொருள். பாத்திரத்தின் அடியில் சாம்பலைக் குழைத்துப் பூசிவிட்டால் கரி எளிதில் கழுவிப்போகும். ஆனால் வருடத்தில் இரண்டு பருவமழை பெய்கிற ஊரில் காய்ந்த சுள்ளிக்கு எங்கே போவது?

மூன்றாம் படி: வீட்டில் அளந்து பாருங்கள்

இதைச் செய்யாமல் கிளம்பியதுதான் என் தவறு. சமையலறைத் தராசில் கேனை நிறுத்து எடையைக் குறியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை மூடி போட்டு, நடுத்தரச் சுடரில் கொதிக்கவைத்து, உடனே அணைத்து, ஆறியதும் மீண்டும் நிறுங்கள். காற்றில்லாத இடத்தில் 12 முதல் 15 கிராம் குறைந்திருந்தால் அடுப்பு நன்றாக இருக்கிறது. அந்தக் கணக்கில் 230 கிராம் கேன் ஏறக்குறைய 15 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும். பிறகு அதே சோதனையை மாலை வேளையில் மொட்டை மாடியில் செய்யுங்கள். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசமே காற்று உங்களிடம் வாங்கும் வரி.

நான்காம் படி: காற்றுக்குத் தடுப்பு

இங்கேதான் பலரும் ஆபத்தில் மாட்டுகிறார்கள். கேனின் தலையிலேயே திருகும் அடுப்பைச் சுற்றி வட்டமாகத் தகடு வைத்தால், சுடரின் வெப்பம் கேனுக்குத் திரும்பும். உள்ளே அழுத்தம் ஏறி வெடிக்கலாம். காற்று வரும் பக்கம் மட்டும் அரைவட்டமாக மறையுங்கள். எதிர்ப்பக்கம் திறந்தே இருக்கட்டும். அவ்வப்போது கேனைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் உடனே அணையுங்கள். பெட்டி வடிவ அடுப்பிலும் இதே சிக்கல் உண்டு: கேன் இருக்கும் அறையின் மேல் நீளும் பெரிய தோசைக்கல்லை வைக்காதீர்கள்.

இவற்றைவிட, கேன் தள்ளி நிற்க, குழாய் வழியே கேஸ் வரும் தாழ்வான அடுப்பு நமக்குப் பொருத்தம். சற்று விலை, சற்று எடை. ஆனால் சுற்றிலும் தகடு வைக்கலாம், கேன் மறைப்புக்கு வெளியே இருக்கும்வரை. முட்டத்துக்கு அடுத்த முறை இதைத்தான் கொண்டுபோனேன். 6 நிமிடத்தில் சாயா. மைத்துனர் இரண்டு டம்ளர் குடித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

எவ்வளவு காற்றடித்தாலும் கூடாரத்துக்குள் பற்றவைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

ஐந்தாம் படி: எங்கே பற்றவைக்கக் கூடாது

காளிகேசம், கீரிப்பாறைப் பக்கத்துக் காப்புக்காடுகளில் தீ மூட்டுவது குற்றம். அடுப்பைப் பையிலிருந்தே எடுக்காதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் மாண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். ரயிலிலும் கேஸ், மண்ணெண்ணெய், ஸ்பிரிட் எதற்கும் அனுமதி இல்லை. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரையில் எரிந்த சுற்றுலாப் பெட்டி, முந்தைய நாள் நாகர்கோவிலில்தான் ரயிலோடு இணைக்கப்பட்டது. உள்ளே சிலிண்டரை மறைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். 9 பேர் இறந்தார்கள். வெளியூர் போனால் அடுப்பை மட்டும் எடுத்துச் சென்று, கேனை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

கடற்கரையிலிருந்து திரும்பியதும் அடுப்பைத் துடைத்து, மணலைத் தட்டி, திருகுமிடத்தில் இருக்கும் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள். அடுத்த முறை கேனைப் பொருத்தியதும் சோப்பு நீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கேஸ் கசிகிறது. என் அடுப்பில் போன மாதம் வந்தது.