தெரு பிளம்பரை கூகுள் மேப்பில் ஏற்றுவது எப்படி? வடசென்னை மாணவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டின் அடிபம்பு காலையில் காற்றை மட்டும் இழுக்கிறது. தண்ணீர் வரவில்லை. வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் போனில் 'பிளம்பர்' என்று தேடுகிறார். கமிஷன் பிடிக்கும் செயலிகளும், ஊரின் மறுகோடியில் இருக்கிற ஆட்களும் வரிசையாக வருகிறார்கள். மூன்று தெரு தள்ளி, இதே மாதிரி பம்புகளுக்குப் பல வருடமாக வாசர் மாற்றிக்கொண்டிருக்கும் அண்ணன் அந்த வரிசையில் இல்லை. தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் அவரைத் தெரியும்.

இதைச் சரிசெய்ய இரண்டு மாணவர்கள் போதும். இரண்டு வாரத்தில் நான்கைந்து தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். சர் தியாகராயா கல்லூரியிலோ, பாரதி மகளிர் கல்லூரியிலோ, வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியிலோ படிப்பவர்களில் பலர் இதே தெருக்களில் வளர்ந்தவர்கள். எந்தச் சந்தில் வண்டி நுழையும், எந்தத் தெருவை மக்கள் வேறு பெயரில் சொல்வார்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். வெளியாள் யாரும் இதைக் கொண்டுவர முடியாது.

இங்கே பிளம்பரை வைத்துச் சொல்கிறோம். எலக்ட்ரீஷியன், ஏசி மெக்கானிக், தச்சர் எல்லோருக்கும் வழி இதுதான். வீட்டில் தைக்கும் அக்காக்களுக்கு மட்டும் சில மாற்றங்கள் உண்டு, அவை படி 7க்குப் பிறகு இருக்கின்றன.

தொடங்கும் முன் ஒரு விதியை இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்: ஜிமெயில், வாட்ஸ்அப், கூகுள் பக்கம் எல்லாம் அவர் பெயரில், அவர் போனில், அவர் நம்பரில் இருக்க வேண்டும். வேகமாக முடியும் என்று மாணவர்கள் தங்கள் மெயிலில் கணக்கைத் திறப்பதுதான் இந்த வேலையில் நடக்கிற பெரிய தவறு. படிப்பு முடிந்து அவர்கள் வேறு ஊருக்குப் போனதும் பழைய நம்பரோ பழைய நேரமோ பக்கத்தில் அப்படியே நிற்கும். மாற்ற வேண்டிய ஆளிடம் சாவி இருக்காது.

படி 1: கடைசிப் பத்து வேலைகள்

முதல் நாள் போனைத் தொடவே வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும். வேலை நாளில் பகலில் போனால் அவருக்குப் பேச நேரம் இருக்காது. ராத்திரி எட்டு மணிக்கு மேல், அல்லது ஞாயிற்றுக்கிழமை, முன்கூட்டிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

"அண்ணா, நீங்க என்னென்ன வேலை செய்வீங்க?" என்று கேட்டால் "எல்லா வேலையும் செய்வேன் தம்பி" என்றுதான் பதில் வரும். அதை வைத்து ஒன்றும் எழுத முடியாது. "கடைசியா செஞ்ச பத்து வேலையைச் சொல்லுங்க" என்று கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விவரம் எழுதுங்கள்: எந்தத் தெரு, என்ன வேலை, அவரை எந்த வழியில் கூப்பிட்டார்கள், கூலி எவ்வளவு.

பத்து வரி எழுதியதும் அவருடைய தொழில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். நான்கு வேலை அடிபம்பு வாசர், இரண்டு சம்ப் மோட்டார் ஏர்லாக் (குழாயில் காற்று அடைத்துக்கொள்வது), ஒன்று சின்டெக்ஸ் டேங்க் மிதவை வால்வு, மீதி குழாய்க் கசிவு. எட்டு வேலை தண்டையார்பேட்டைக்கும் ராயபுரத்துக்கும் நடுவில். விளம்பரத்தில் எழுத வேண்டியது இதைத்தான். ஐம்பது சேவைகளை அடுக்கினால் எதற்கும் அவர் நினைவுக்கு வரமாட்டார்.

வேலையின் பெயரை வாடிக்கையாளர் சொல்கிற மாதிரியே எழுதுங்கள். 'கைவிசைக் குழாய்ப் பராமரிப்பு' என்று யாரும் தேடுவதில்லை. 'அடிபம்பு ரிப்பேர்' என்றுதான் தேடுவார்கள். காசிமேடு, எண்ணூர் பக்கம் ஏசி மெக்கானிக்காக இருந்தால், உப்புக் காற்றில் அவுட்டோர் யூனிட்டின் அலுமினியத் தகடுகள் அரிப்பது தனி வேலை. அதைத் தனியாகவே எழுதுங்கள்.

ஒன்றை மட்டும் பட்டியலில் சேர்க்கக் கூடாது. செப்டிக் டேங்கிலோ பாதாளச் சாக்கடையிலோ ஆள் இறங்கிச் சுத்தம் செய்வதை 2013ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்திருக்கிறது. அதற்குள் இருக்கிற விஷவாயு உயிரைப் பறிக்கும். அவர் "அதுவும் செய்வேன்" என்றாலும் எழுதாதீர்கள். தெருச் சாக்கடை அடைப்புக்குக் குடிநீர் வாரியத்தின் 1916 எண் இருக்கிறது என்று அவரிடமும் சொல்லுங்கள்.

படி 2: கூலியை எழுத்தில் வைப்பது

தொகையை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்கள் வடிவம் மட்டும் கொடுங்கள். மூன்று வரி போதும்: பார்க்க வரும் கூலி, பொதுவான ஐந்து வேலைகளுக்குத் தொடக்கக் கூலி, சாமான் தனி பில். 'பார்க்க வர 150 ரூபாய், வேலை கொடுத்தால் அதில் கழித்துக்கொள்ளப்படும்' என்பது போல. இதை எழுதாமல் விட்டால், இரண்டாவது மாடி ஏறிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு இறங்குகிற அலைச்சல் அதிகமாகும். 'வேலை ஆரம்பிக்கும் முன் தொகை சொல்லப்படும்' என்று ஒரு வரி சேருங்கள். முதல்முறை கூப்பிடுகிறவருக்கு இருக்கிற பயம் அந்த இடத்தில்தான்.

படி 3: நம்பரும் வாட்ஸ்அப் பிசினஸும்

பழைய நம்பரை மாற்றாதீர்கள். ஊரில் பாதிப் பேர் போனில் அது பதிந்திருக்கும். சாதாரண வாட்ஸ்அப்பில் முதலில் பேக்கப் எடுங்கள். பிறகு வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை இறக்கி, அதே நம்பரைப் போடுங்கள். பழைய உரையாடல்கள் கூடவே வந்துவிடும். ஒரே நம்பர் இரண்டு செயலியிலும் ஓடாது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் 'என் வாட்ஸ்அப் போயிடுச்சு' என்று மறுநாள் காலையில் பதறுவார். இரண்டடுக்குப் பாதுகாப்பில் 6 இலக்க பின் கேட்கும். அதை அவரே தேர்ந்தெடுத்து, அவர் கையெழுத்திலேயே எழுதி வைக்கட்டும்.

வாட்ஸ்அப் பிசினஸ் பக்கத்தில் பெயர், வேலை, ஏரியா, நேரம் போடுங்கள். கேட்டலாக்கில் (சேவைப் பட்டியல்) 500 பொருள் வரை சேர்க்கலாம், ஆறு போதும். வரவேற்புச் செய்தியில்தான் கவனம் வேண்டும். புதிதாகச் செய்தி அனுப்புகிறவருக்கும், 14 நாள் இடைவெளிக்குப் பின் அனுப்புகிறவருக்கும் அது தானாகப் போகும். இப்படி எழுதலாம்:

'வணக்கம். மூன்று விவரம் அனுப்புங்கள்: 1. தெருப் பெயர், அடையாளம். 2. எத்தனையாவது மாடி. 3. பழுதான இடத்தின் போட்டோ. வேலையில் இருந்தால் ஒரு மணிக்கோ மாலை ஆறு மணிக்கோ கூப்பிடுகிறேன்.'

அந்தப் போட்டோ வந்தாலே எந்த அளவு வால்வு, எந்த அளவு வாசர் என்று தெரிந்துவிடும். ஹார்டுவேர் கடைக்கு நடுவில் ஒருமுறை ஓடுவது மிச்சம்.

படி 4: கூகுள் பக்கம்

அவர் போனில் அவர் ஜிமெயிலில் கூகுள் பிசினஸ் புரொஃபைல் (கூகுள் தேடலிலும் மேப்பிலும் வரும் தொழில் பக்கம்) திறங்கள். இது இலவசம். 'கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டினால் முதலிடம்' என்று யாராவது கூப்பிட்டால் போனை வைத்துவிடச் சொல்லுங்கள்.

பெயர்: ஊரில் அவரை எப்படிச் சொல்கிறார்களோ, அவருடைய கார்டில் எப்படி இருக்கிறதோ அது மட்டும். 'பெஸ்ட் பிளம்பர் வண்ணாரப்பேட்டை 24 மணி நேரம்' என்று பெயரில் திணித்தால் அது விதிமீறல், பக்கம் முடக்கப்படலாம்.

வகை: முதன்மை வகையாகப் பிளம்பர். தொடர்பில்லாத வகைகள் வேண்டாம்.

முகவரி: கடை இல்லாமல் வீட்டிலிருந்து தொழில் செய்கிறவர் என்றால் முகவரியை மறைத்துவிட்டு, சேவைப் பகுதி மட்டும் கொடுங்கள். 20 இடம் வரை சேர்க்கலாம். ஆனால் படி 1 நோட்டில் வந்த இடங்களை மட்டும் போடுங்கள். ராயபுரம் 600013, வண்ணாரப்பேட்டை 600021, தண்டையார்பேட்டை 600081 என்று மூன்று பின்கோடே ஒருவருக்குக் கைநிறைய வேலை. ஆசைப்பட்டு அண்ணாநகர், போரூர் எல்லாம் சேர்த்தால், போய்வர அரை நாள் ஆகிற அழைப்புகள் வரும். அவர் 'வர முடியாது' என்பார், கூப்பிட்டவர் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார்.

விளக்கம் 750 எழுத்துக்குள். அதில் போன் நம்பரோ இணைப்போ எழுதக் கூடாது. பழைய வண்ணாரப்பேட்டையை 'ஓல்டு வாஷர்மென்பேட்' என்றும் தேடுவார்கள், அதனால் இரண்டு பெயரும் விளக்கத்தில் வரட்டும். 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்ட பிறகு டோல்கேட், காலடிப்பேட்டை என்று ஸ்டேஷன் பெயரையே அடையாளமாகச் சொல்கிறவர்கள் உண்டு. அதையும் எழுதலாம்.

சரிபார்ப்புக்குக் கூகுள் வீடியோ கேட்கும்போதுதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். வீடியோவை வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும், 30 விநாடிக்குக் குறையக் கூடாது. தெருப் பெயர்ப் பலகையில் தொடங்குங்கள். நடந்துபோய் அவருடைய கருவிப் பையைத் திறந்து பைப் ரெஞ்ச், டை செட், ஹேக்ஸா பிளேடு ஆகியவற்றைக் காட்டுங்கள். கடைசியாகத் தொழில் பெயர் அச்சடித்த பில் புத்தகம் அல்லது உத்யம் சான்று (அரசின் சிறுதொழில் பதிவு). உத்யம் பதிவுக்கு அரசுத் தளத்தில் கட்டணம் கிடையாது, ஏஜென்டிடம் பணம் கொடுக்க வேண்டாம். முகங்களும் ஆதார், வங்கி எண்களும் வீடியோவில் விழக் கூடாது. பரிசீலனைக்கு 5 வேலை நாள் வரை ஆகலாம். அதற்குள் பெயரையோ முகவரியையோ மாற்றிக்கொண்டே இருந்தால் இன்னும் தள்ளிப்போகும்.

விமர்சனங்களை நண்பர்களை வைத்து எழுதவே கூடாது. பணமோ தள்ளுபடியோ கொடுத்து வாங்குவதும் விதிமீறல். வேலை முடிந்து தண்ணீர் வருவதைக் காட்டிய கையோடு, "நேரம் கிடைக்கும்போது இதுல ரெண்டு வார்த்தை எழுதுங்கம்மா" என்று இணைப்பை அனுப்பினால் போதும். வாரத்துக்கு ஒன்று வந்தாலும் உண்மையானதாக இருக்கட்டும்.

படி 5: போட்டோ

முதலில் கேமரா கண்ணாடியைத் துடைக்க வேண்டும். வேலை செய்கிறவர் போனில் சிமென்ட் தூசியும் எண்ணெயும் படிந்திருக்கும், படம் புகை மூட்டமாக வரும். வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்று, ஒரே உயரத்தில் எடுங்கள்.

அடிபம்பைப் பொறுத்தவரை ஒரு படம் நூறு வார்த்தைக்குச் சமம்: உள்ளங்கையில் பழைய வாசரும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில். பழையதன் ஓரம் தேய்ந்து, ஒரு பக்கம் கிழிந்து, சுருங்கிப் போயிருக்கும். புதியது விறைப்பாக, ஓரம் முழுதாக நிற்கும். காற்று ஏன் இழுக்கிறது என்று பார்க்கிறவருக்கு உடனே விளங்கும்.

வாடிக்கையாளர் வீட்டில் எடுக்கும்போது அனுமதி கேளுங்கள். கதவு எண், பூஜையறை, குழந்தைகள் படத்தில் வேண்டாம்.

படி 6: காகிதமும் ஸ்டிக்கரும்

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியிலேயே க்யூஆர் கிடைக்கும். அதை 2 சென்டிமீட்டருக்குக் குறையாமல், சுற்றிலும் வெள்ளை இடம் விட்டு அச்சடியுங்கள். சின்னதாக்கினால் பழைய போன்கள் படிக்காது. 3 அங்குலம் அகலம், 2 அங்குலம் உயரமுள்ள வினைல் ஸ்டிக்கர் நல்லது. காகித ஸ்டிக்கர் ஈரத்தில் ஒரு மழைக்குத் தாங்காது. ஒட்ட வேண்டிய இடம் மோட்டார் ஸ்விட்ச் பக்கத்துச் சுவர், வீட்டுக்காரர் சம்மதத்தோடு. மோட்டார் நின்றுபோகிற நாளில் அவர் கண் முதலில் அங்கேதான் போகும். நம்பர் பெரிதாக, பெயர் அதைவிடச் சின்னதாக.

கார்டு அடிக்கப் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் விசாரியுங்கள், முதலில் 100 மட்டும் அடியுங்கள். ஹார்டுவேர் கடை, இஸ்திரி வண்டி, அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன் ஆகியோரிடம் பத்துப் பத்தாகக் கொடுக்கலாம். பொதுச் சுவரிலும் மின்பெட்டியிலும் போஸ்டர் ஒட்டாதீர்கள். பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 1959இலிருந்தே சட்டம் இருக்கிறது. மாட்டினால் கஷ்டப்படுவது நம்பர் அச்சாகியிருக்கிற அண்ணன்தான்.

படி 7: மோசடி அழைப்பு

நம்பர் பொதுவில் வந்த சில நாளிலேயே 'அட்வான்ஸ் அனுப்புறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க' என்கிற அழைப்பு வரலாம். யுபிஐயில் பணம் வாங்க பின் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் நம் கணக்கிலிருந்து போகும். இதை வாயால் சொன்னால் போதாது. உங்கள் போனிலிருந்து 1 ரூபாய் அனுப்பிக் காட்டுங்கள். அவர் எதையும் அழுத்தாமலே வந்து சேருவதை அவரே பார்க்கட்டும். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும். அந்த எண்ணை அவர் போனில் பதித்துவிட்டே எழுந்திருங்கள்.

தைக்கும் அக்காக்களுக்கு

நம்பருக்குத் தனி சிம் வாங்குங்கள், வேண்டாத நேரத்து அழைப்புகள் சொந்த நம்பருக்கு வராது. வீட்டு முகவரி பொதுவில் வேண்டாம், ஆர்டர் உறுதியான பிறகு லொகேஷன் அனுப்பலாம். கேட்டலாக்கில் லைனிங் பிளவுஸ், ஆரி வேலை, ஃபால்ஸ் அடிப்பது என்று தனித்தனியாகக் கூலியும் எத்தனை நாள் ஆகும் என்பதும் வரட்டும். எம்.சி. ரோட்டில் துணி எடுத்துவிட்டு நேராக வருகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை நாள் ஆகும் என்பதைத்தான். தீபாவளிக்கு முன் எந்தத் தேதியோடு ஆர்டர் நிற்கும் என்று ஒரு மாதம் முன்பே ஸ்டேட்டஸில் போடச் சொல்லுங்கள்.

படி 8: முப்பது நாள் நோட்டு, பிறகு ஒப்படைப்பு

தேதி, எந்தத் தெரு, நம்பர் எப்படிக் கிடைத்தது, வேலை ஆனதா என்று நான்கு கட்டம். அவருக்கு எழுத நேரம் இல்லையென்றால் ராத்திரி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பட்டும், நீங்கள் எழுதுங்கள். சனிக்கிழமை 15 நிமிடம் சேர்ந்து பாருங்கள். தூரத்து அழைப்பு அதிகமென்றால் சேவைப் பகுதியைக் குறையுங்கள். எடுக்காமல் விட்ட அழைப்பு அதிகமென்றால் வேறு எந்த விளம்பரமும் செய்யாதீர்கள். திருப்பிக் கூப்பிடுகிற நேரத்தை முதலில் ஒழுங்கு செய்யுங்கள்.

கூகுள் பக்கத்தில் உங்களை மேனேஜராகச் சேர்த்திருந்தால், முப்பதாம் நாள் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். உங்கள் போனில் இருக்கும் அவருடைய சான்றுகள், படங்களை அவர் முன்னாலேயே அழியுங்கள். ஜிமெயில், பாஸ்வேர்டு, பின் எழுதிய தாள் ரேஷன் கார்டு வைக்கும் உறையில் போகட்டும். பிறகு பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். பொங்கலுக்கு விடுமுறை நேரத்தை அவரே போனில் மாற்றிப் பார்க்கட்டும். எந்த இடத்தில் கை நிற்கிறதோ அதை மட்டும் குறித்துக்கொண்டு, அதற்காக இன்னொரு சனிக்கிழமை வாருங்கள்.