100 ஜிபி டிஸ்க், 6 ஜிபி இடம்: விஎம் இமேஜ்களில் நாம் செய்யும் தவறுகள்

80 ஜிபி மட்டுமே காலியாக உள்ள லினக்ஸ் கணினியில், விஎம்களை (மெய்நிகர் கணினிகளை) ஓட்டும் கியூஎமு மென்பொருள் மூலம் 100 ஜிபி டிஸ்க் இமேஜ் (விஎம்முக்கு டிஸ்காகப் பயன்படும் கோப்பு) ஒன்றை உருவாக்கிப் பாருங்கள். மறுபேச்சு இல்லாமல் உருவாகிவிடும். ஏனென்றால் ஓர் இமேஜுக்கு இரண்டு அளவுகள் உண்டு. கெஸ்டுக்கு, அதாவது விஎம்முக்குள் ஓடும் கணினிக்குக் காட்டுவது ஒன்று; ஹோஸ்டின், அதாவது அதைத் தாங்கும் நிஜக் கணினியின் டிஸ்கில் உண்மையில் பிடித்திருப்பது இன்னொன்று. பட்டாவில் ஐந்து ஏக்கர், உழுதது அரை ஏக்கர் என்பது போல. இன்னும் எழுதாத பகுதிக்கு ஹோஸ்ட் இடமே ஒதுக்காது; யாராவது படிக்க வந்தால் பூஜ்ஜியங்களை நீட்டிவிடும்.

கோப்பின் அளவைக் காட்டும் எல்எஸ் கட்டளையை மட்டும் பார்த்துப் பதறுவதுதான் முதல் தவறு. ரா (டிஸ்கின் உள்ளடக்கம் அப்படியே இருக்கும்) வகை இமேஜுக்கு அது 100 ஜிபி என்று காட்டும். டிஸ்கில் பிடித்த இடத்தை அளக்கும் டியூ கட்டளையிடம் கேட்டால் 6 ஜிபி என்று வரும். இரண்டும் சரியே. கியூஎமு-இமேஜ் இன்ஃபோ போட்டால் இரண்டு எண்களும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

இப்படிப்பட்ட ஒரு கோப்பை எஸ்சிபி என்ற நகலெடுக்கும் கட்டளை மூலம் வேறு சர்வருக்கு அனுப்பிவிட்டு இரவெல்லாம் காத்திருந்தவன் நான். அது எழுதப்படாத ஓட்டைகளையும் பூஜ்ஜியங்களாக எண்ணி முழு 100 ஜிபியையும் அனுப்பும்; போய்ச் சேர்ந்த இடத்திலும் 100 ஜிபி பிடிக்கும். ஆர்சிங் என்ற நகலெடுப்புக் கருவியில், ஓட்டைகளை ஓட்டைகளாகவே வைக்கும் ஸ்பார்ஸ் தேர்வைச் சேர்த்திருந்தால் அங்கே இடமாவது மிஞ்சியிருக்கும். எழுதிய பகுதியை மட்டும் வைத்திருக்கும் கியூகவ்2 வடிவத்துக்கு மாற்றி அனுப்பியிருந்தால் இரவும் மிஞ்சியிருக்கும்.

அதிகம் பேர் தடுக்கி விழுவது அழிக்கும்போதுதான். கெஸ்டுக்குள் 40 ஜிபி லாக் கோப்புகளை அழிக்கிறீர்கள், ஹோஸ்டில் இமேஜ் இம்மியும் குறையவில்லை. கெஸ்டின் கோப்பு முறைமை தன் கணக்கில்தான் ‘காலி’ என்று குறித்துக்கொண்டது. ஹோஸ்டுக்கு யாரும் சொல்லவில்லை. கியூஎமுவில் அந்த டிஸ்கின் டிஸ்கார்ட் அமைப்பை அன்மேப் என்று வைத்து, கெஸ்டுக்குள் காலியிடங்களை அறிவிக்கும் எஃப்எஸ்ட்ரிம் கட்டளையை ஓட்டினால்தான் அந்தச் செய்தி ஹோஸ்டுக்குப் போய்ச் சேரும். விர்ட்டியோ-பிளாக் என்ற முறையில் கெஸ்டோடு இணைத்த டிஸ்குகளுக்கு இந்த வசதி 2019-இல் வந்த கியூஎமு 4.0-இல்தான் கிடைத்தது. அதனால்தான் பழைய குறிப்புகள் விர்ட்டியோ-ஸ்கசி என்ற வேறு இணைப்பு முறைக்கு மாறச் சொல்கின்றன.

காலியிடத்தைப் பூஜ்ஜியங்களால் நிரப்பிவிட்டு இமேஜைக் கன்வர்ட் செய்வது பழைய வழி. வேலை செய்யும், ஆனால் நிரப்பும் நேரத்தில் இமேஜ் முழு அளவுக்கு ஊதிவிடலாம். ஹோஸ்டில் இடம் இல்லை என்பதற்காக இதில் இறங்கினால், இருக்கிற கொஞ்ச இடமும் போய்விடும். ஸ்னாப்ஷாட்களையும் (டிஸ்கின் ஒரு கணத்து நிலையைச் சேமித்தவை) மறக்க வேண்டாம். அவை பழைய பிளாக்குகளை விடாமல் பிடித்து வைத்திருப்பதால், 100 ஜிபி கியூகவ்2 கோப்பு 100 ஜிபியைத் தாண்டியும் வளரும்.

அப்புறம், 250 ஜிபி டிஸ்கில் ஆளுக்கு 100 ஜிபி என்று ஐந்து விஎம்களுக்கு வாக்குக் கொடுப்பது. அதுவே தவறு என்று சொல்ல மாட்டேன். ஹோஸ்டைக் கவனிக்காமல் விடுவதுதான் தவறு. இடம் தீர்ந்ததும் எழுத முயலும் விஎம்மை கியூஎமு இயல்பாகவே நிறுத்தி வைத்துவிடும். அதுவரை கெஸ்டுக்குள் காலியிடம் காட்டும் டிஎஃப் கட்டளையைப் போட்டுப் பார்த்தவருக்கு எக்கச்சக்க இடம் காலியாகத் தெரிந்திருக்கும். அவசரப்பட்டு விஎம்மை அணைக்காதீர்கள். ஹோஸ்டில் இடம் ஏற்படுத்திவிட்டு ரெஸ்யூம் கொடுத்தால், பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து ஓடும்.

இமேஜைப் பெரிதாக்குவது எளிது. ஆனால் பார்ட்டிஷனும் கோப்பு முறைமையும் தாமாக வளர்வதில்லை; பார்ட்டிஷனை நீட்டும் குரோபார்ட், பிறகு கோப்பு முறைமையை நீட்டும் ரீசைஸ்2எஃப்எஸ் அல்லது எக்ஸ்எஃப்எஸ்-குரோஎஃப்எஸ் என்று கெஸ்டுக்குள் தொடர வேண்டும். சுருக்கும்போது வரிசை தலைகீழ்: உள்ளே இருப்பதை முதலில் சுருக்காமல் இமேஜை வெட்டினால், வால் பகுதியில் இருந்த தரவு போய்விடும். கோப்பு முறைமை எக்ஸ்எஃப்எஸ் என்றால் சுருக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டு, சிறிய புது டிஸ்க் ஒன்றை இணைத்துக் கோப்புகளை அதில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.