ரீபில்ட் பண்ண டர்போ டீசல்ல நீலப் புகை: கடைசில பிடிபட்டது

இன்ஜின் வேலை முடிஞ்சு வண்டி வந்ததுலேர்ந்து ஒரே நீலப் புகை, அதாவது எங்கயோ இன்ஜின் ஆயில் எரியுது. ஸ்டார்ட் பண்ணதும் வராது, ஓடும்போதும் பெருசா தெரியாது, ஆனா சிக்னல்ல அஞ்சு நிமிஷம் ஐடில்ல நின்னுட்டு ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா பின்னாடி வர்றவங்க மறைஞ்சிடுவாங்க.

மெக்கானிக்குங்க முதல்ல புது பிஸ்டன் ரிங் இன்னும் செட் ஆகலன்னாங்க, கம்ப்ரெஷன் பாத்தா நாலு சிலிண்டரும் ஒரே மாதிரி. வால்வ் சீல் மாத்தியாச்சு, புகை குறையல. இன்ஜினுக்குள்ள சேர்ற காத்து வெளியேற்ற பிரீதர் ஹோஸ்லயும் அடைப்பு இல்ல. அப்புறம் டர்போ (எக்ஸாஸ்ட் வேகத்துல சுத்தி இன்ஜினுக்குள்ள காத்த அழுத்தித் தள்ற பாகம்) போச்சு, புதுசு வாங்குங்கன்னாங்க, ஆனா அதோட ஷாஃப்ட கையால ஆட்டிப் பாத்தா பெருசா ஆட்டம் இல்ல.

எக்ஸாஸ்ட் பைப்ப கழட்டினப்போ டர்போவோட டர்பைன் பக்கம், அதாவது எக்ஸாஸ்ட் போற பக்கம் மட்டும் ஈர ஆயில். டர்போக்குள்ள ரப்பர் சீல் கிடையாது, சின்ன பிஸ்டன் ரிங் மாதிரிதான் இருக்கும், ஆயில் தானா கீழ வழிஞ்சு இன்ஜினுக்கு அடியில இருக்கிற ஆயில் தொட்டிக்கு (சம்ப்) போனாதான் அது தாங்கும். அதான் ஆயில் அப்படி இறங்குற டிரெயின் பைப்ப கழட்டிப் பாத்தேன். கேஸ்கெட்டுக்கு மேல யாரோ சிலிகான் வேற தடவி, அது உள்பக்கம் பிதுங்கி காஞ்சு பாதி ஓட்டைய அடைச்சிருந்துச்சு! வெளியிலேர்ந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது.

சுரண்டி எடுத்துட்டு வெறும் கேஸ்கெட் மட்டும் போட்டு மாட்டினோம், டர்போ மாத்தவே இல்ல. உடனே புகை நிக்கலன்னு பயப்படாதீங்க, சைலன்சர்ல தேங்கின ஆயில் எரியணும்ல, ஹைவேல நல்லா ஒரு ஓட்டு ஓட்டினதுக்கப்புறம் சுத்தமா நின்னுடுச்சு. அப்பாடா!