மீன் அளக்கப் போகும் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் முதுகலை மாணவி ஒருவர் கானாங்கெளுத்தி அளந்துகொண்டிருந்தார். நோட்டை எட்டிப் பார்த்தேன். ‘நீளம்’ என்று ஒரே ஒரு கட்டம். மனசு பதறியது. நான் நான்கு மாத உழைப்பைத் தொலைத்ததும் இப்படித்தான். பென்சிலால் எழுதுங்கள், நோட்டை நனைக்காதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

எந்த நீளம் என்று எழுதாதது

வாய் நுனியிலிருந்து வால் நுனிவரை அளந்தால் மொத்த நீளம். வால் பிளவின் உள்பள்ளம்வரை அளந்தால் கவட்டு நீளம். கானாங்கெளுத்தி, சூரை, சீலா போல வால் பிளந்த மீன்களில் இரண்டும் ஒன்றல்ல.

நானும் நண்பனும் யாருக்கு நேரம் கிடைக்கிறதோ அவர் போய் அளப்போம். நான் கவடுவரை அளந்தேன், அவன் வால் நுனிவரை. எந்த நீளத்தில் எத்தனை மீன் என்று வரைபடம் போட்டபோது 20 செ.மீ. பக்கம் ஒரு மேடு, 22 பக்கம் இன்னொன்று. வெவ்வேறு வயதுள்ள இரண்டு கூட்டங்கள் என்று நம்பி, வளர்ச்சி வேகம்வரை கணக்குப் போட்டோம். இருந்தது ஒரே கூட்டம். எந்த வரியை யார் அளந்தார் என்றாவது குறித்திருந்தால் ஒன்றை மற்றொன்றாக மாற்றியிருக்கலாம். அதுவும் இல்லை.

எடை, நீளத்தின் ஏறத்தாழ மூன்றாம் அடுக்கில் ஏறும். நீளத்தில் 10 சதவீதம் கூடினால் எடைக் கணக்கில் 33 சதவீதம் கூடிவிடும். கேரளத்தில் கானாங்கெளுத்திக்குக் குறைந்தபட்ச அளவு 14 செ.மீ.; அது மொத்த நீளம். அதன் பக்கத்தில் கவட்டு நீளத்தை வைத்தால், சட்டப்படி பிடித்த மீனும் குஞ்சுக் கணக்கில் போகும். பழி மீனவர் தலையில்.

சரி, செய்ய வேண்டியது இதுதான்: ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் எந்த நீளம், யார் அளந்தது, இரண்டையும் எழுதுங்கள். முதல் நாள் ஐம்பது மீனுக்காவது இரண்டு நீளமும் எடுங்கள்.

தரம் பிரித்த பிறகு போவது

பெரிய மீன் ஒரு கூடை, சிறிசு ஒரு கூடை என்று பிரித்தபின் ஒரே கூடையில் கைவைத்தால், அது படகின் மீன்பாடு ஆகாது. விடியும் முன்னே போங்கள்.

செவிக்கல்லும் ஃபார்மலினும்

மீனின் வயதைக் கணிக்க அதன் காதுக்குள்ளிருந்து எடுக்கும் சின்னக் கல்தான் செவிக்கல். ஃபார்மலினில் போட்டால் கல் கரைந்துவிடும். எத்தனாலில் போடுங்கள்.

தடைக்காலம்

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது. 61 நாள். ஆய்வுத் திட்டத்தை அதற்கேற்பப் போடுங்கள்.

வெறும் படகை விடுவது

மீன் இல்லாமல் திரும்பிய படகையும் பூஜ்யம் என்று எழுதுங்கள். அதற்கும் டீசல் செலவாகியிருக்கிறது.