பொட்டாசியம் ரிப்போர்ட்டை இதயத்தோடு சேர்த்துப் படிப்பது எப்படி

எங்கள் அப்பாருக்கு 78 வயது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு, பிரஷருக்கு டெல்மிசார்டன் பல வருஷமாக ஓடுகிறது, கிட்னியும் கொஞ்சம் மந்தம். சித்திரை வெயிலுக்குக் காலையில் ஒன்று மத்தியானம் ஒன்று என்று இளநீர் குடித்துக்கொண்டிருந்தவர், ஒரு நாள் திண்ணையில் சாய்ந்தபடி "காலெல்லாம் துவளுது கண்ணு, எந்திரிக்கவே முடியல" என்றார். மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன். நிமிடத்துக்கு 44. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தபோது பொட்டாசியம் 6.8 என்று வந்தது. வயசான காலத்தில் வரும் அசதி என்று வீட்டிலேயே படுக்க வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

ரிப்போர்ட் கையில் வந்தால் முதலில் பொட்டாசியத்தைப் பாருங்கள். 3.5 முதல் 5 வரை சரி. பொட்டாசியம் பெரும்பாலும் செல்லுக்கு உள்ளேதான் இருக்கும், வெளியே ரத்தத்தில் கொஞ்சம்தான். அந்த உள்-வெளி வித்தியாசத்தை வைத்துத்தான் இதயத் தசை ஒவ்வொரு துடிப்புக்கும் தயாராகிறது. துடிக்க வேண்டிய நேரத்தில் சோடியம் உள்ளே பாய வேண்டும், அதற்கு மடை திறக்க வேண்டும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட்டால் அந்த மடை பாதி அடைபட்டு நின்றுகொள்ளும், அதனால் மின்சாரம் மெதுவாகப் பரவும், துடிப்பு குறையும், தசை துவளும், கடைசியில் இதயம் தளர்ந்த நிலையிலேயே நின்றுவிடும். இதய ஆபரேஷனில் இதயத்தை நிறுத்தி வைக்கக் கொடுக்கும் மருந்துக் கரைசலிலும் பொட்டாசியம்தான் முக்கியம்.

கால்சியம் இதற்கு நேர் எதிர். துடிப்பு வந்ததும் கொஞ்சம் கால்சியம் செல்லுக்குள் நுழையும், அது உள்ளே சேமித்து வைத்திருக்கும் கால்சியத்தையும் அவிழ்த்துவிடும், அப்போதுதான் தசை சுருங்கும். 1880களில் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற டாக்டர் தவளை இதயத்தை வைத்துச் சோதித்தபோது குழாய்த் தண்ணீரில் கலந்த உப்புக் கரைசலில் அது துடித்தது, காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்தால் துடிப்பு அடங்கிப்போனது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் காரணம். ஆஸ்பத்திரியில் ஏற்றும் 'ரிங்கர் லாக்டேட்' பாட்டிலில் இருப்பது அவர் பெயர்தான். அப்பாருக்கும் முதலில் கையில் ஏற்றியது கால்சியம் குளுக்கோனேட். அது பொட்டாசியத்தை ஒரு துளிகூடக் குறைக்காது. சில நிமிடங்களில் இதயத்துக்குக் காவலாக நிற்கும், அரை மணி, ஒரு மணி நேரம் தாங்கும். அதற்குள் குளுக்கோஸோடு இன்சுலின் கொடுத்துப் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளுவார்கள். சர்க்கரையே இல்லாதவருக்கு ஏன் இன்சுலின் என்று நான் பதறினேன், நீங்கள் பதற வேண்டாம்.

சோடியம் 135 முதல் 145 வரை இருக்க வேண்டும். குறைந்தால் முதலில் குழம்புவது பெரும்பாலும் தலைதான்.

நாடி பார்க்க, கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் உங்கள் இரண்டு விரலை வையுங்கள், கட்டைவிரலை வைத்தால் உங்கள் நாடியையே எண்ணிவிடுவீர்கள். அவரை ஐந்து நிமிடம் உட்கார வைத்துவிட்டு முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 60 முதல் 100 வரை பொதுவாகச் சரி. வழக்கத்தைவிட நன்றாகக் குறைந்து, கூடவே கை கால் துவண்டாலோ மயக்கம் வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஆனால் நாடி சரியாக இருக்கிறது என்பதற்காகப் பொட்டாசியமும் சரியாக இருக்கும் என்று நம்பிவிடவும் கூடாது, ரத்தமும் ஈசிஜியும்தான் சொல்லும்.

ரத்தம் கொடுக்கும்போது கையை இறுக்கக் கட்டி, முஷ்டியைத் திரும்பத் திரும்ப மடக்கி விரித்தால் பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். எடுத்த ரத்தத்தில் செல் உடைந்துபோனாலும் அப்படித்தான். டாக்டர் இன்னொரு தடவை எடுக்கச் சொன்னால் காசுக்காக என்று நினைக்காமல் கொடுங்கள்.

அப்புறம் சமையல். கிட்னி மந்தமானவர்களுக்கும், டெல்மிசார்டன் மாதிரி பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும்தான் இது, மற்றவர்கள் பொதுவாக இளநீர் குடிக்கலாம். 100 மில்லி இளநீரில் சுமார் 250 மில்லிகிராம் பொட்டாசியம், காயைப் பொறுத்து மாறும். நம்ம பக்கம் கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) ரத்தத்தில் கூடினால் "உப்பு ஏறியிருக்கு" என்பார்கள், அதைக் கேட்டுவிட்டுச் சிலர் சோடியம் குறைந்த உப்பு வாங்கி வருகிறார்கள். அந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள், சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். கீரை, உருளைக்கிழங்கையெல்லாம் பொடியாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டுங்கள். கொள்ளு வேகவைத்த தண்ணீரில் ரசம் வைக்கிறோமே, பொட்டாசியம் இறங்கி நிற்பது அதில்தான், அவர்களுக்கு அந்த ரசம் வேண்டாம்.

வாந்தி பேதியாலோ, நீர் பிரியக் கொடுக்கும் ஃப்யூரோசமைடு மாத்திரையாலோ பொட்டாசியம் 3-க்குக் கீழே போவதும் ஆபத்துதான், துடிப்பு தாறுமாறாகும். பொட்டாசியம் கொடுத்தும் ஏறவில்லை என்றால் மெக்னீசியம் பார்த்தார்களா என்று கேளுங்கள், அது குறைவாக இருந்தால் கொடுத்த பொட்டாசியம் சிறுநீரில் போய்க்கொண்டே இருக்கும்.

அப்பாரு இப்போது இளநீரை விட்டுவிட்டார், டாக்டர் மாத்திரையையும் மாற்றியிருக்கிறார். காலையில் தோப்புக்குப் போகும் முன் "எண்ணிப் பாரு கண்ணு" என்று கையை அவரே நீட்டுகிறார். இன்றைக்கு 72.