உருகிய புளோரைட்டு உப்பில் உலோக அரிப்புச் சோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புல்மோட்டை மணலில் மொனசைற்று, மொனசைற்றில் தோரியம், தோரியத்துக்கு உருகிய உப்பு அணு உலை என்று வாசித்துக்கொண்டே போய் இந்தப் பக்கம் வந்து சேரும் மாணவர்கள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருக்கிறார்கள். அணு உலை கட்ட முடியாது. அதன் பாத்திரத்தை உப்பு எப்படித் தின்கிறது என்று பார்க்க ஒரு சிறு மின்னுலை, ஓர் ஆகன் சிலிண்டர், நன்றாக இழுக்கும் புகைப்பெட்டி இருந்தால் தொடங்கலாம். தொடங்குகிறார்கள். ஆனால் கொண்டுவந்து காட்டும் திட்டங்களில், எங்கள் தலைமுறை விட்ட பிழைகளே வரிசை கூட மாறாமல் இருக்கின்றன. தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவருவது, உப்பில் இறக்கிச் சோதிக்கும் உலோகத் துண்டின் பரப்பை அளப்பது, வெப்ப இணையைச் சரிபார்ப்பது எல்லாம் எந்தக் கைநூலிலும் இருக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கடற்கரையில் துருப்பிடிக்காதது இங்கேயும் தாங்கும் என்று நம்புவது

கறையில் உருக்கு கல்லடிக் காற்றில் பளபளவென்று நிற்பது அதன் மேலுள்ள குரோமியம் ஒட்சைட்டுப் படலத்தால். உருகிய புளோரைட்டு அந்தப் படலத்தைக் கரைத்துவிடும். அதற்குப் பிறகு முதலில் போவதும் குரோமியம்தான், ஏனென்றால் புளோரினோடு சேர அதற்கு இரும்பை விட ஆவல் அதிகம், இரும்புக்கு நிக்கலை விட அதிகம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடம் 1950களில் இதற்கென்றே இனோர்-8 கலப்புலோகத்தை உருவாக்கியபோது (பிறகு ஹஸ்ரலோய் என் என்று பெயர் பெற்றது) குரோமியத்தை ஏறத்தாழ 7 வீதத்தோடு நிறுத்தி, மொலிப்டினத்தை 16 வீதமளவில் வைத்தார்கள். 316 என்ற கறையில் உருக்கில் குரோமியம் 16 முதல் 18 வீதம். மற்ற இடங்களில் காப்பாக இருப்பது இங்கே இரை.

எல்லாத் துண்டுகளையும் ஒரே புடக்குகையில் இறக்குவது

இதைப் பார்த்தால்தான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

உலை ஒன்றுதான் இருக்கும். ஆகன் விலை. இலிதியம் புளோரைட்டு அதைவிட விலை. எனவே 304, 316 கறையில் உருக்குகள், இன்கொனல் 600 (குரோமியம் சேர்ந்த நிக்கல் கலப்புலோகம்), நிக்கல் 201 (ஏறத்தாழத் தூய நிக்கல்) என்று நாலு துண்டுகளையும் ஒரே நிக்கல் கம்பியில் கோத்து ஒரே புடக்குகைக்குள் (உப்பை உருக்கும் கிண்ணம், சுருக்கமாகக் குகை) இறக்கிவிடுகிறார்கள். "ஒரே உப்பு, ஒரே வெப்பநிலை, ஒரே நேரம். ஒப்பிடச் சுகம்தானே சேர்? மறுகா என்ன பிரச்சினை?" என்று ஒரு தம்பி அண்மையில் கேட்டார். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். மீன்குழம்பு வைத்த சட்டியில் பால் காய்ச்சிவிட்டு, பால் நாறுகிறது என்று மாட்டைக் குறை சொல்கிற நியாயம்.

உள்ளே நடப்பது இதுதான். 304உம் 316உம் குரோமியத்தை உப்புக்குள் விடுகின்றன. உப்பில் குரோமியம் புளோரைட்டு கூடக் கூட, பக்கத்தில் தொங்கும் இன்கொனலில் இருந்து குரோமியம் வெளியேறுவது மந்தமாகும். தனியே போட்டிருந்தால் இழந்திருக்கக்கூடிய எடையை அது இழக்காது. அட்டவணையில் அது நல்ல பிள்ளை. இன்னொரு பக்கம், உருக்கிலிருந்து இரும்பு கரைந்து புளோரைட்டாகியிருந்தால், அது மற்றத் துண்டுகளின் குரோமியத்தைத் தாக்கிவிட்டுத் தான் மீண்டும் உலோகமாகப் படியும். நிக்கல் துண்டோ தன் பாட்டில் இருந்துகொண்டு குரோமியத்தை மேலே வாங்கிக்கொள்ளும். நிக்கல் கம்பி நாலையும் மின்தொடுப்பில் வைத்திருப்பதால் கல்வானிக் கலம் (ஒரு வகை மின்கலம்) ஒன்றும் உருவாகி, குரோமியம் உள்ள துண்டுகள் இன்னும் வேகமாகக் கரையும். எந்தத் துண்டின் எண் எந்தத் துண்டால் வந்தது என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

நான் வேலை செய்த ஓர் ஆய்வுகூடத்தில் ஒரு குழு மாதக்கணக்கான உலை நேரத்தை இப்படியொரு ஒப்பீட்டில் போட்டது. நிக்கல் துண்டின் எடை கூடியிருந்தது. "நிக்கலில் காப்புப் படலம் உருவாகியுள்ளது" என்று அறிக்கை வரைவில் எழுதியும் விட்டார்கள். துண்டைக் குறுக்காக வெட்டி, பிசினில் பதித்து, மெருகேற்றி இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்தபோது விளிம்போடு ஒரு மெல்லிய பட்டை தெரிந்தது. எக்ஸ்-கதிர் நிறமாலையில் அந்தப் பட்டையில் குரோமியம். வாங்கிய நிக்கலில் குரோமியமே இல்லை. முழு அட்டவணையும் குப்பைக்குப் போனது, செலவான உப்போடு சேர்த்து.

சரி, தனித்தனியாகப் போட்டாயிற்று. அப்போதும் உள்ளே இரண்டாவது துண்டு ஒன்று இருக்கிறது. அதுதான் குகை. கிராபைட் மலிவு, உப்பு அதில் ஒட்டாது, எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் கரைந்த குரோமியம் கிராபைட்டில் காபைட்டாக, அதாவது காபனோடு சேர்ந்த சேர்வையாக, போய் உட்காரும். உப்பில் குரோமியம் நிரம்பாது, எனவே துண்டு விட்டுக்கொண்டே இருக்கும். விஸ்கொன்சின் பல்கலைக்கழகக் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வில் பல கலப்புலோகங்களை 850 பாகை செல்சியஸில் 500 மணித்தியாலம் வைத்தார்கள். குரோமியம் கூடிய கலப்புலோகம் கூடுதலாக எடை இழந்தது. அடிக்கடி எடுத்தாளப்படும் ஆய்வு. அது கிராபைட் குகையில் செய்தது என்பதை எடுத்தாள்பவர்களில் பலர் எழுதுவதில்லை. உங்கள் பாத்திரத்தில் கிராபைட் இல்லையென்றால் அந்த எண் உங்கள் பாத்திரத்தின் எண் அல்ல.

ஆகவே ஒரு குகைக்கு ஒரு கலப்புலோகம். முடிந்தால் குகையும் கம்பியும் அதே உலோகத்தில். துண்டின் பரப்புக்கு உப்பின் அளவு எல்லாக் குகைகளிலும் ஒரே விகிதத்தில். துண்டே போடாமல் உப்பு மட்டும் உள்ள ஒரு குகையும் கூடவே வேகட்டும். காசு போதாவிட்டால் கலப்புலோகங்களைக் குறையுங்கள், குகைகளைக் குறைக்காதீர்கள்.

"நீரற்றது" என்ற லேபிளை நம்புவது

பழகுவதற்கு ஏற்ற உப்பு பிளினாக்: இலிதியம், சோடியம், பொற்றாசியம் புளோரைட்டுகள் முறையே 46.5, 11.5, 42 மூல் வீதம், உருகுநிலை 454 பாகை. இதில் பொற்றாசியம் புளோரைட்டுத்தான் வில்லன். மாரி காலத்தில், வாவிக்கரையில் சன்னல் திறந்த அறையில் அதைத் தராசில் வைத்துப் பாருங்கள். கை எடுத்த பிறகும் கடைசி இலக்கம் ஏறிக்கொண்டே போகும். கொஞ்சம் விட்டால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி, தட்டு ஈரமாகிவிடும்.

ஈரத்தோடு வேகமாகச் சூடாக்கினால் நீர் வெறுமனே ஆவியாகிப் போகாது. ஒரு பகுதி புளோரைட்டோடு தாக்கமடைந்து ஐதரசன் புளோரைட்டைத் தரும், அது குரோமியத்தைத் தின்று ஐதரசனை விடும். நீங்கள் அளப்பது உப்பின் அரிப்பை அல்ல, மட்டக்களப்பு மழையின் அரிப்பை. கனலடுப்பில் ஓர் இரவு வைத்தால் போதாது. மூடிய கலத்தில், வெற்றிடத்திலோ ஆகன் ஓட்டத்திலோ, உருகுநிலைக்கு வெகு கீழே மணிக்கணக்காக வைத்து, மெதுவாக ஏற்றுங்கள். குவாட்ஸ் குழாய் பயன்படுத்தினால் அதன் உட்சுவரைக் கவனியுங்கள். மங்கத் தொடங்கினால் ஐதரசன் புளோரைட்டு வந்துகொண்டிருக்கிறது.

அலுமினாக் குகை

வேண்டாம். அலுமினா உருகிய கிரையோலைட்டில் (அதுவும் ஒரு புளோரைட்டு உப்புத்தான்) கரைவதால்தான் உலகம் அலுமினியம் எடுக்கிறது.

எடை இழப்போடு நிறுத்திவிடுவது

குரோமியம் மணியெல்லைகள் (உலோகத்தின் நுண்பளிங்குகள் ஒன்றையொன்று தொடும் இடங்கள்) வழியே வெளியேறி உள்ளே துளைகளை விட்டுச் செல்லும். மேற்பரப்பு அப்படியே நிற்கும், எடையும் அதிகம் குறையாது, வெட்டிப் பார்த்தால் கடற்பஞ்சு போல இருக்கும். வருடத்துக்கு இத்தனை மில்லிமீற்றர் என்ற கணக்கு, உலோகம் சீராகத் தேய்ந்தால்தான் பொருந்தும். குறுக்குவெட்டு எடுக்காத சோதனையை நான் பாதிச் சோதனை என்றுதான் எண்ணுகிறேன்.

கழுவுவதிலும் ஒரு பொறி உண்டு. பொற்றாசியம் புளோரைட்டு தண்ணீரில் உடனே போய்விடும். இலிதியம் புளோரைட்டு ஒரு லீற்றரில் ஏறத்தாழ 1.3 கிராம்தான் கரையும். துண்டில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு எடையைக் கூட்டிக் காட்டும். அரத்தாளை எடுக்காதீர்கள், உலோகமும் சேர்ந்து போகும். அலுமினியம் நைத்திரேற்றுக் கரைசலில் போட்டு, எடை மாறாத வரை திரும்பத் திரும்பக் கழுவுங்கள்.

100 மணித்தியாலத்தை 87.6ஆல் பெருக்கி ஒரு வருடமாக்குவது

முதல் 100 மணியில் தின்பது பெரும்பாலும் உப்பிலுள்ள அழுக்கு. அது தீர்ந்ததும் வேகம் குறையும். பெருக்காதீர்கள்.

களிம்பு இல்லாமல் தொடங்குவது

ஐதரசன் புளோரைட்டு தோலில் பட்டால் பூசும் கல்சியம் குளுக்கோனேற்றுக் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லையா? ஆளியைப் போடாதீர்கள்.

கரண்ட் போவதைத் திட்டத்தில் சேர்க்காமல் விடுவது

உலை ஆறும்போது உள்ளேயுள்ள வாயு சுருங்கி, வெளியேறும் குழாய் வழியே ஈரக் காற்றையோ குமிழிக் குடுவையின் எண்ணெயையோ உள்ளே இழுக்கும். ஆகனுக்கு மின்சாரம் தேவையில்லை, எனவே ஓட்டத்தை அப்போது கூட்டி விடுங்கள். கரண்ட் திரும்பியதும் உலை தானாக முழு வேகத்தில் ஏறும்படி விடாதீர்கள். புளோரைட்டு உப்பு உருகும்போது நன்றாக விரியும். அடி முதலில் உருகி மேலே கட்டி மூடியிருந்தால் குகை வெடிக்கும் அல்லது வளையும். மேற்பகுதி முதலில் உருகும்படி சூடாக்குங்கள். உலையில் அதற்கு வசதி இல்லையென்றால் அந்தச் சோதனையைக் கைவிட்டு, துண்டை எடுத்து, எத்தனையாவது மணித்தியாலத்தில் நின்றது என்று எழுதி வையுங்கள்.